பின்பாரம்

எங்கள் வீட்டில் இரண்டு ஆண்கள். இரண்டு பேருக்கும் வாய் நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டுமென்றால் மட்டும் என் வாய் வேண்டும். ஒருவர் என் வீட்டுக்காரர். இன்னொருவன் அவருடைய கூடப்பிறந்த தம்பி, எனக்குக் கொழுந்தன். வீட்டுக்குப் பின்னாலேயே கார் ரிப்பேர் ஷெட். அவருக்கு இரும்பு, இவனுக்கு கரண்ட். வெல்டிங், சேஸிஸ், சக்கரம் எல்லாம் அவர் பக்கம். வயர், பேட்டரி, விளக்கு எல்லாம் இவன் பக்கம்.

பேச்சு நின்ற கதை சின்னதுதான். ஒரு வாடிக்கையாளரின் கார், ஷெட்டிலிருந்து போன அன்றே நடுரோட்டில் சக்கரம் கழன்று நின்றது. யாருக்கும் அடி படவில்லை. நட்டை முறுக்காமல் விட்டது தம்பிதான் என்று இவர் எல்லார் முன்னாலும் அவன் கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டார். "நான் தொடவே இல்ல" என்றான் அவன். யார் விட்டார்கள் என்பது இன்று வரை தெரியாது. அன்றோடு பேச்சு போனது. அதோடு இன்னொன்றும் போனது. வேறு ஷெட்டுகளில் ஒருவர் முறுக்கியதை இன்னொருவர் ஒருமுறை தொட்டுப் பார்ப்பார். எங்கள் ஷெட்டில் ஒருவர் செய்த வேலையை இன்னொருவர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பார்த்தால் சந்தேகப்பட்டதாகிவிடுமாம். ரோஷக்காரக் குடும்பம்.

"உன் கொழுந்தன்கிட்ட சொல்லு, அந்த பேட்டரியைக் கழட்டணும்" என்பார் இவர். அவன் நாலடி தள்ளி நிற்பான்.

"அவன் காதுல விழுந்திருக்கும்."

"நீ சொல்லு."

"தம்பி, பேட்டரியைக் கழட்டணுமாம்."

"கழட்டி அரை மணி நேரம் ஆச்சுன்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க அண்ணி."

அண்ணன் என்றும் தம்பி என்றும் சொல்ல இருவருக்கும் நாக்கு வராது. ஒருவருக்கு 'உன் கொழுந்தன்', ஒருவனுக்கு 'உங்க வீட்டுக்காரர்'. தபால்காரருக்காவது சம்பளம் உண்டு, எனக்கு அதுவும் கிடையாது. அதில் இன்னொரு வேலையும் எனக்கு இருந்தது. அவர் பத்து வார்த்தை சொன்னால் அதில் நாலு திட்டாக இருக்கும். நாலையும் வடிகட்டிவிட்டு ஆறை மட்டும் கொண்டுபோய்க் கொடுப்பேன். அப்படித்தான் குடும்பம் ஓடியது.

ஓட்ட முடியாத கார்களை ஏற்றிப்போக ஒரு டிரெய்லர் வாங்கலாம் என்றான் சின்னவன். இவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதனால் வாங்கினோம். நாலு சக்கரம், பின்னால் சரிவுப் பலகை, முன்னால் இழுத்து ஏற்ற ஒரு வின்ச். அதை இழுக்க ஒரு வண்டி வேண்டுமே. மூன்று பேரும் பழைய வண்டி விற்கும் இடத்துக்குப் போனோம். அங்கே இருந்த தரகர் எங்களைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தார்.

"இவங்க ரெண்டு பேரும் யாரும்மா?"

"அண்ணன் தம்பி."

"பேச வராதா?"

"வரும். ரோஷம்."

இவர் ஒரு நீளமான பழைய பிக்கப்புக்கு அடியில் மல்லாந்து படுத்து, விரல் முட்டியால் சேஸிஸைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் ஒரு குட்டை ஜீப்பில் ஏறி உட்கார்ந்து எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டிருந்தான்.

"இழுக்கற வண்டி நீளமா இருக்கணும், கனமா இருக்கணும்னு சொல்லு. குட்டை வண்டின்னா டிரெய்லர் அதைப் பிடிச்சுத் திருப்பிடும்."

"அந்த பிக்கப் மேடு ஏறும்போது மூச்சு வாங்கும் அண்ணி. இந்த எஞ்சினைக் கேளுங்க. இதுக்கு ரெண்டு டிரெய்லர் போட்டாலும் இழுக்கும்."

அங்குமிங்கும் நடந்து எனக்குக் கால் வலித்தது. "நீங்களே ஒரு முடிவுக்கு வாங்க" என்று ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். இவர் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். "ஓட்டப் போறது அவன்தானே. அவன் இஷ்டம்" என்றார். கத்தாமல் சொன்னார். இவர் கத்தினால் எனக்குப் பயமில்லை, கத்தி முடித்ததும் சாப்பிட வந்துவிடுவார். கத்தாமல் சொன்னதை மட்டும் மறக்க மாட்டார். ஜீப்பை வாங்கினோம்.

அன்று சாயங்காலம் ஷெட்டில் ஒரு பலகைக்கு அடியில் சின்னச் சக்கரம் இரண்டு பூட்டி, ஒரு முனையில் கயிறு கட்டி, நடுவே இரும்புத் துண்டுகளை அடுக்கினார் இவர். "இங்க பாரு. பாரம் சக்கரத்துக்கு முன்னாடி இருக்கு. இப்ப இழு." இழுத்தேன். நேராக வந்தது. இரும்பைப் பின்னால் நகர்த்தினார். "இப்ப வேகமா இழு." பலகை இடமும் வலமுமாக அடித்துக்கொண்டு என் கால் மேல் கவிழ்ந்தது. "பின்பாரமா இருந்தா இப்படித்தான். மெதுவா போறப்ப தெரியாது. வேகம் எடுத்ததும் ஆட ஆரம்பிக்கும். பிரேக்கை மிதிச்சா இன்னும் ஆடும். முன்னாடி இழுக்கற வண்டியையும் சேத்துத் தள்ளிடும். உன் கொழுந்தன்கிட்ட சொல்லு." சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டே "ம்" கொட்டினான்.

ஜீப்பின் பின்னால் கொக்கியை இவரே வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்தார். ஒரு யானையைக் கட்டினாலும் தாங்கும். சின்னவன் வயர் இழுத்தான். டிரெய்லர் சக்கரங்களுக்குத் தனியாக பிரேக் உண்டாம், அது கரண்டில் வேலை செய்யுமாம். அதற்கு ஒரு சின்னப் பெட்டியை டாஷ்போர்டுக்குக் கீழே, பக்கத்து இருக்கையில் உட்காருகிறவரின் முழங்காலுக்கு எதிரே, பொருத்தினான். அதில் ஒரு திருகு, ஒரு லீவர்.

"லீவரை அழுத்தினா டிரெய்லர் மட்டும் பிரேக் பிடிக்கும் அண்ணி. எவ்வளவு பிடிக்கணுங்கறதை இந்தத் திருகுல வைக்கணும். காலியா இருக்கறப்ப நம்பரைக் குறைச்சு வைக்கணும், இல்லன்னா சக்கரம் அப்படியே நின்னு தரையைத் தேய்க்கும். பாரம் ஏத்தினதும் நம்பரையும் ஏத்தணும்."

"ஏத்திட வேண்டியதுதானே?"

"அளவு தெரியணுமே. நான் வாசல்ல ஓட்டி பிரேக் பிடிக்கணும். வெளிய ஒருத்தர் நின்னு சக்கரம் எப்ப தரையைத் தேய்க்குதுன்னு பாத்துச் சொல்லணும்."

"நான் நிக்கறேன்."

"உங்களுக்குத் தெரியாது அண்ணி."

சொல்லிவிட்டு அவன் இவர் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தான். இவர் வெல்டிங் குச்சிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. அவன் திருகைக் குறைந்த நம்பரிலேயே விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினான்.

முதல் சவாரி ஒரு வக்கீலம்மாவின் பழைய பெரிய கார். ரிப்பேர் முடிந்ததை மலைக்கு அந்தப் பக்கம் அவர் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். காரின் பதிவு காலாவதியாகியிருந்ததால் ரோட்டில் ஓட்டிக்கொண்டு போக முடியாது. காலையில் இவர் வின்ச்சில் இழுத்து ஏற்றி, டிரெய்லரின் முன்பக்கமாக நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் பெல்ட் போட்டார். ஜீப்பின் பின்புறம் அமுங்கி, முகம் வானத்தைப் பார்த்தது.

"அண்ணி, வண்டி இப்படிப் பின்னாடி உக்காந்தா ஸ்டியரிங் கையில நிக்காது. உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க."

"பின்னாடி உக்காருதாம்" என்றேன்.

"அதுக்குத்தான் பிக்கப் வாங்கச் சொன்னேன்னு சொல்லு."

நான் வாயைத் திறப்பதற்குள் சின்னவன் சிரித்தான். "கொக்கி வைக்கத் தெரியல, வண்டி மேல பழி" என்று உரக்கவே சொன்னான். வடிகட்ட எனக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை. வெளியே டயருக்குக் காற்றுப் பிடிக்க வந்து நின்ற இரண்டு மூன்று பேரும் சிரித்தார்கள்.

இவர் பெல்ட்டை அவிழ்த்தார். வின்ச்சைத் தளர்த்தி, காரை ஒரு கை நீளத்துக்குப் பின்னால் விட்டார். ஜீப்பின் பின்புறம் எழுந்து வண்டி சமமாக நின்றது. மறுபடி பெல்ட் போட்டு, இழுத்துப் பார்த்து, கொக்கிக்குக் கீழே சங்கிலியைக் குறுக்காக மாட்டினார். எல்லாம் நிதானமாக.

"இப்ப சமமா இருக்கான்னு கேளு."

"இப்ப சரி" என்றான் அவன், ஜீப்பை மட்டும் பார்த்து.

நான் இவர் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டேன். "ஏங்க, பாரம் முன்னாடிதானே இருக்கணும்னீங்க?"

"கேட்டதைக் கொடுத்தாச்சு" என்று துணியில் கையைத் துடைத்தார். "ஓட்டிப் பாக்கட்டும்."

அதற்குமேல் கேட்டால் பதில் வராது. இவருக்குத் தெரியாத வேலையா, ஏதாவது கணக்கு இருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். தம்பியின் உயிரோடு விளையாடுகிற மனிதர் இல்லை என்றும் சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததே எனக்குப் பிடிக்கவில்லை.

இவர் முகமூடியை மாட்டிக்கொண்டு ஷெட்டின் பின்பக்கம் வெல்டிங்குக்குப் போய்விட்டார். ஜீப் வாசலைத் தாண்டும்போது வக்கீலம்மா போன் செய்தார். வீட்டில் தானும் மகளும் மட்டும்தான் இருக்கிறோம், நீங்களும் கூட வந்தால் தேவலை என்றார். நான் கையைத் தட்டி வண்டியை நிறுத்தி ஏறிக்கொண்டேன். சொல்லிவிட்டுப் போக நேரமில்லை. 'நானும் தம்பியோடு போகிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறது' என்று போனில் இவருக்கு ஒரு வரி அனுப்பினேன்.

தெருக்களைத் தாண்டும்வரை வண்டி பூப்போலப் போனது. சின்னவனுக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா அண்ணி, பின்னாடி ஒண்ணு இருக்கறதே தெரியல."

அதுதான் எனக்கும் பயமாக இருந்தது. "தம்பி, பாரம் ரொம்பப் பின்னாடி போயிடுச்சோன்னு தோணுது. ஓரமா நிறுத்தி ஒரு தடவை பாத்துடேன்."

"அது அவர் பக்கம் அண்ணி. அதுல நான் தலையிட மாட்டேன்."

"தலையிட வேண்டாம்டா, கண்ணால பாரு."

"பாத்தா, அவனுக்கு என் மேல நம்பிக்கை இல்லம்பாரு. எதுக்கு வம்பு? என் பக்கத்தை அவர் பாக்கறாரா? பாக்கட்டும், நானும் பாக்கறேன்."

"சரி, உன் பக்கத்துல அந்தத் திருகையாவது ஏத்தினியா?"

அவன் கண்ணாடியைச் சரி செய்தான். "ஆளில்லாம அளவு வைக்க முடியாது. போயிட்டு வந்து பாத்துக்கலாம்."

பெரிய ரோட்டில் ஒரு லாரி எங்களைத் தாண்டியபோது, பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல வண்டி ஒரு வெட்டு வெட்டியது. அவன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மலை ஏறும்போது வேகம் குறைவு, அதனால் ஆட்டமும் இல்லை. உச்சியில் மேகம் இறங்கி ரோடு ஈரமாக இருந்தது. "மெதுவா போ, மெதுவா போ" என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். அவனும் மெதுவாகத்தான் இறக்கினான். ஆனால் இறக்கத்தில் மெதுவாகப் போவது நம் கையில் மட்டும் இல்லை, பின்னால் இருந்த அத்தனை கனமும் தள்ளியது.

எதிரே ஒரு பஸ் வந்தது. அது கடந்த காற்றில் டிரெய்லர் ஒருமுறை ஆடியது. நிற்கும் என்று பார்த்தேன். நிற்கவில்லை. இடது கண்ணாடியில் வக்கீலம்மாவின் கார் தெரிந்தது, மறைந்தது, வலது கண்ணாடியில் தெரிந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னதைவிட அதிகமாகத் தெரிந்தது. ஜீப்பின் பின்புறமும் சேர்ந்து ஆடத் தொடங்கியது. ரோட்டின் ஓரத்தில் முழங்கால் உயரக் கற்கள், அதற்கு அப்பால் கீழே மரங்களின் தலைகள்.

போன் அடித்தது. இவர்.

"நீ ஏன் அந்த வண்டில ஏறின?" ஹலோ கூட இல்லை. அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை. "எங்க இருக்கீங்க?"

"இறக்கத்துல. ஆடுதுங்க, ரொம்ப ஆடுது!"

"பிரேக்கை மிதிக்க வேண்டாம்னு சொல்லு!"

"தம்பி, பிரேக்கை மிதிக்க வேண்டாமாம்!"

"அப்புறம் எப்படி நிக்கும்னு கேளுங்க!"

சாகப் போகிற நேரத்திலும் நான் தபால் கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

"பெட்டில லீவர் இருக்கும், அதை அழுத்தச் சொல்லு!"

என் முழங்காலுக்கு எதிரேதான் இருந்தது, நானே அழுத்தினேன். பெட்டியில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது, அவ்வளவுதான். டிரெய்லர் இன்னும் அகலமாக வீசியது.

"பிடிக்கலைங்க!"

"அவன் நம்பரை ஏத்தல. காலையிலயே பாத்தேன், ஏத்திப் பாத்திருந்தா வாசல்ல டயர் தேய்ஞ்ச தடம் இருக்கும், ஒரு தடம்கூட இல்ல. அவனைக் கேளு, எந்த நம்பர்ல..."

நான் போனை ஸ்பீக்கரில் போட்டு டாஷ்போர்டின் மேல் வீசினேன். "நேரா பேசித் தொலைங்கடா ரெண்டு பேரும்!" என்று கத்தினேன். கட்டின புருஷனை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை.

போனிலிருந்து அவர் குரல் வந்தது. "டேய். பிரேக், ஆக்சிலரேட்டர் ரெண்டுலேர்ந்தும் காலை எடு. ஸ்டியரிங்கை ஒடிக்காத, நேரா பிடி, அது பாட்டுக்கு ஆடட்டும். நம்பர் எதுல இருக்கு?"

சின்னவன் உதட்டைக் கடித்தான். சொன்னால் தன் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்த நேரத்தில் அதை அவன் யோசித்தான், நான் அவன் முகத்தைப் பார்த்தேன். ஓங்கி அறையலாம் போலிருந்தது.

"ரெண்டுல" என்றான்.

"உன் அண்ணியை முழுசா திருப்பி அழுத்தச் சொல்லு..."

அதற்குள் நான் திருப்பியிருந்தேன். லீவரை அழுத்தினேன். பின்னால் டயர்கள் அலறின. ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. தலைமுடியைப் பிடித்துப் பின்னால் இழுத்ததுபோல மொத்த வண்டியும் ஒரு குலுக்குக் குலுக்கி நேரானது. நான் லீவரை விடவே இல்லை. ஓரக் கற்களை ஒட்டி வண்டி நின்ற பிறகும் விடவில்லை, சின்னவன்தான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

அவன் இறங்கினான். பின்னால் போய், இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அண்ணன் செய்த வேலையைப் பார்த்தான். கார் எங்கே நிற்கிறது, டிரெய்லர் சக்கரம் எங்கே இருக்கிறது என்று கையை விரித்து அளந்தான். வேலை தெரிந்தவன், ஒரு பார்வை போதும். இருந்தும் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

இவர் யாருடைய பைக்கையோ வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். வெல்டிங் அங்கியைக்கூடக் கழற்றவில்லை, முகமெல்லாம் கரி. பைக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே? அடி படலையே? உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கும் அழுகை வந்தது, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் அவர் தம்பியின் பக்கம் திரும்பவே இல்லை என்பதையும் நான் பார்த்தேன்.

"அண்ணே" என்றான் சின்னவன்.

என் கையைப் பிடித்திருந்த கை அசையாமல் நின்றது.

"தெரிஞ்சேதான பின்னாடி தள்ளி ஏத்தின?" கத்தவில்லை, அண்ணனைப் போலவே மெதுவாகக் கேட்டான். "பிரேக் வைக்கலைன்னும் உனக்குக் காலையிலயே தெரியும், போன்ல நீ கத்தினது என் காதுலயும் விழுந்தது. என் தப்பு அது, நான் ஒத்துக்கறேன். உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அண்ணி ஏறலைன்னா எனக்கு போன் பண்ணியிருப்பியா?"

ஒரு லாரி எங்களைக் கடந்து போனது. டிரெய்லர் இருந்த இடத்திலேயே லேசாக ஆடி நின்றது. நான் என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தேன். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள், பொய்யாகவாவது சொல்லிவிடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். இத்தனை வருஷம் இவரோடு குடும்பம் நடத்தியவள், நம்ப என்னால் முடியும்.

அவர் தம்பியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"உன் கொழுந்தன்கிட்ட சொல்லு..."

"மாட்டேன்" என்றேன். "அவன் உங்களைத்தான் கேட்டான். நீங்களே சொல்லுங்க."

சின்னவன் காத்திருந்தான். நானும் காத்திருந்தேன். அவர் என் கைகளை விட்டார். ரோட்டோரம் கிடந்த ஒரு கல்லை எடுத்து, குனிந்து, டிரெய்லர் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தார். பிறகு அடுத்த சக்கரத்துக்கு இன்னொரு கல்லைத் தேடிக்கொண்டு போனார்.